ரெண்டடிச் சந்து

கொத்தனார் வீட்டு அக்கா ஒருநாள் காலையில தண்ணிக் குடத்தோட என் தையல் கடைக்குள்ள வந்து நின்னுச்சு. குடத்தோட வயித்துல ஒரு நெளிசல், அக்காவோட முழங்கையில ஒரு சிராய்ப்பு. நான் பள்ளிக்கூடச் சட்டை ஒண்ணுக்குக் காலர் வச்சுக்கிட்டிருந்தேன். மிஷினை நிறுத்திட்டு என்னன்னு நிமிர்ந்தா, அக்கா கேட்ட கேள்வி இது: "ஏண்டி, மறைக்காம சொல்லு. நான் பெருத்துட்டேனா?"

காலங்காத்தால கேட்கிற கேள்வியா இது? ஆமான்னா வம்பு, இல்லைன்னா முகத்துக்காகச் சொல்றேன்னு சண்டை. நான் வாயைக் கொடுக்காம அளவு நோட்டை எடுத்தேன். எங்க ஊரே அந்த நோட்டுல இருக்கு. யாரு இளைக்கிறாங்க, யாரு ஊதுறாங்க, யாரு மாசமா இருக்காங்கன்னு அவங்க வீட்டுக்காரங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடும். அக்காவோட பக்கத்தைப் புரட்டினேன். டேப்பை இடுப்பைச் சுத்தி ஒரு தடவை விட்டும் பார்த்தேன். ஆறு வருஷமா அதே முப்பத்தஞ்சு. ஒரு நூல் கூட ஏறலை.

"அப்ப சந்துல ஏன் சிக்கினேன்?"னு அக்கா குடத்தைத் தரையில வச்சுது.

சந்தைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி மரத்தைப் பத்திச் சொல்லணும். எங்க ஊர் நடுவுல ஒரு அத்திமரம் நிக்குது. அதோட வயசு யாருக்கும் தெரியாது, அதனால ஆளாளுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஊர்த் தலைவர் எழுநூறும்பாரு. வாத்தியார் முந்நூத்தைம்பதும்பாரு. பஸ் டிரைவர் ஆயிரம்னு அடிச்சுவிடுவாரு, அவரு எதையுமே கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆளு. கை கோத்து அணைச்சா எட்டு பேர் வேணும், குட்டையான ஆளுங்களா அமைஞ்சுட்டா ஒன்பது. பஸ் அதுக்கடியிலதான் நிக்கும். கடுதாசியில விலாசம்னு தனியா ஒண்ணும் வேண்டாம், மரத்தைத் தாண்டி மூணாவது வீடுன்னு எழுதினா வந்து சேர்ந்துடும். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை அடிமரத்துலேயே கொத்துக் கொத்தாக் காய்க்கும். பழம் விழுந்து தெருவே புளிச்ச வாடை அடிக்கும். அத்திப் பழத்தைப் புட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு சொல்வாங்க. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு அந்தக் கவலை இல்லை, புட்டுப் பார்க்காமலே தின்னுடுங்க. நாங்க யாரும் அதை நின்னு பார்க்கிறது கிடையாது. ஆனா ஆஸ்பத்திரியில பத்து நாள் கிடந்துட்டு வண்டியில வரும்போது, ரோட்டு வளைவுல அதோட தலை தெரிஞ்சவுடனே நான் அழுதிருக்கேன். வலிக்குதான்னு வண்டிக்காரர் கேட்டாரு. இல்லைன்னு சொன்னேன், அதுக்கு மேல விளக்கம் சொல்லத் தெரியலை.

அந்த மரத்தை ஒட்டித்தான் கொத்தனார் வீடு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவரே கல்லு கல்லா எடுத்து வச்சுக் கட்டினது. மர நிழல்ல வீடு வேணும்னு அக்கா ஆசைப்பட்டுக் கேட்டதாம். அடுப்படிச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவுல சரியா ரெண்டடி விட்டுக் கட்டினாரு. தண்ணிக் குழாய் தெருவுல, தொட்டி வீட்டுக்குப் பின்னாடி. அந்தச் சந்து வழியாப் புகுந்தா பத்து எட்டுல போயிடலாம், இல்லைன்னா சுத்திக்கிட்டுப் போகணும். இத்தனை வருஷமா அக்கா இடுப்புக் குடத்தோட உடம்பைக் கொஞ்சம் ஒருக்களிச்சு ஒரு சொட்டு சிந்தாமப் போய் வந்த சந்து அது. அன்னைக்குக் குடம் மாட்டிக்கிச்சு.

எனக்கு எதையாவது பாதியில விட்டா அன்னைக்குச் சோறு இறங்காது. டேப்பைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன். மரம் நெஞ்சு உயரத்துல புடைச்சுக்கிட்டு இருக்கும், அந்த இடத்துல இருந்து சுவர் வரைக்கும் பிடிச்சுப் பார்த்தேன். இருபத்திமூணு அங்குலம். ஒரு அங்குலத்தைக் காணோம்.

சாயங்காலம் கொத்தனார் மாமா வேலை முடிஞ்சு வந்ததும் சொன்னோம். அவரு முதல்ல என் டேப்பைத்தான் சந்தேகப்பட்டாரு. துணி டேப்பு, ஈரத்துல சுருங்கும், வெயில்ல நீளும், அதை நம்பி ஊரெல்லாம் சட்டை போடுது பாருன்னு ஒரு இடி இடிச்சுட்டுத் தன்னோட இரும்பு டேப்பை எடுத்துட்டு வந்தாரு. அதுவும் இருபத்திமூணுதான் காட்டுச்சு. டேப்பைச் சுருட்டிப் பையில போட்டாரு. அப்புறம், மரம் பெருத்திருக்கும்னு சொல்லிட்டு முகம் கழுவப் போயிட்டாரு.

இந்த மாமாவைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். எங்க ஊருல நேர்னா அவருதான். விருந்துக்குப் போன வீட்டுல சுவத்துப் படம் கோணலா இருந்தா இலையில கை வைக்க மாட்டாரு, எழுந்து போய் நேரா வச்சுட்டுத்தான் வருவாரு. தெருவுல பாதி வீடு அவரு கட்டினது. ஒத்தைக் கண்ணை மூடிப் பார்த்தே நூல் பிசகைச் சொல்லிடுவாரு, நூல்ல தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்க்கிறதெல்லாம் வீட்டுக்காரங்க திருப்திக்காகத்தான். பிள்ளைங்க தப்பு பண்ணினா எங்க ஊருல, கொத்தனார் சுவர் மாதிரி நடடான்னு திட்டுவாங்க. இதைச் சொன்னாத்தான் நாங்க ஏன் அப்படி முட்டாளாப் போனோம்னு உங்களுக்குப் புரியும்.

மரம் பெருத்துதான்னு பார்க்க வாத்தியார் ஒரு யோசனை சொன்னாரு. கயித்தை மரத்தைச் சுத்திக் கட்டி, முனை வந்து சேர்ற இடத்துல கயித்து மேல சாயம் தடவினோம். சந்துல நான் என் தையல் சாக்பீஸால கோடு போட்டு வச்சேன். தினம் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி போய் அளக்கிறதுன்னு ஆச்சு. அந்த மாசம் விடாம மழை. குடை பிடிச்சுக்கிட்டு அளந்தேன், அக்கா டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கும். கொஞ்ச நாள்லயே ஊருக்கு இதே பேச்சாப் போச்சு. பஸ்சுக்கு நிக்கிறவங்க, பால்காரர், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவங்க, எல்லாரும் கடைக்குள்ள தலையை நீட்டி, இன்னைக்கு எவ்வளவுன்னு கேட்பாங்க, வீட்டுல யாருக்கோ காய்ச்சல் அடிக்கிற மாதிரி. எனக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமைதான். பொய் சொல்ல மாட்டேன்.

மாசக் கடைசியில சந்து இன்னொரு அரை அங்குலம் குறைஞ்சிருந்தது. கயித்து முனை அதே சாயத்து மேல அசையாம இருந்தது. மரம் பெருக்கலை. பெருக்காம நெருங்குதுன்னா என்ன அர்த்தம்? சாயுதுன்னு அர்த்தம். வாத்தியார்தான் முதல்ல வாய்விட்டுச் சொன்னாரு, சொல்லிட்டு அவருக்கே முகம் விழுந்துபோச்சு.

தெருவுல இருந்து பார்த்தா, சுவரும் மரமும் மேலே போகப் போக நெருங்கி வர்றது அப்பப் பார்த்த கண்ணுக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது. ரெண்டுல எது சாயுதுன்னு கேட்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. கொத்தனார் சுவரை யாராவது குண்டு கட்டிப் பார்ப்பாங்களா? டாக்டர் நாடியை நாம பிடிச்சுப் பார்க்கிற மாதிரி அது.

அப்புறம் பயம் வந்துச்சு. அவ்வளவு பெரிய மரம் சாய்ஞ்சா முதல்ல கொத்தனார் வீடு, அதைத் தாண்டி மருந்துக்கடைக்காரர் வீடு. மருந்துக்கடைக்காரர் அப்பத்தான் மாடி எடுத்துக்கிட்டிருந்தாரு, மாமாதான் கட்டிக்கிட்டிருந்தாரு. அந்த வழியாத்தான் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும். தாய்மார்கள் பிள்ளைங்களைச் சுத்துவழியாக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. பஸ் ஐம்பது அடி தள்ளி நின்னுச்சு. தலைவர் கூட்டம் போட்டாரு. அதையும் மரத்தடியிலதான் போடணும், வேற இடத்துல கூட்டம் போட எங்களுக்குப் பழக்கமில்லை. அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே பேசினோம்.

வெட்டணும்னு யாரும் ஆசைப்பட்டுச் சொல்லலை. முட்டுக் கொடுக்கலாமான்னு கேட்டாங்க, கிளையை மட்டும் கழிக்கலாமான்னு கேட்டாங்க. மருந்துக்கடைக்காரர், நாளைக்கு ஒரு பிள்ளை மேல விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டாரு. தலைவர் கடைசியா மாமா பக்கம் திரும்பினாரு. "ஊருல நேர் கோணல் தெரிஞ்ச ஆளு நீங்கதான். உங்க வீட்டு மேலதான் விழப்போகுது. நீங்க சொல்லுங்க, வெட்டலாமா வேண்டாமா?"

மாமா துண்டை ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோளுக்கு மாத்திப் போட்டுக்கிட்டாரு. "ஊர் என்ன சொல்லுதோ அதான்"னாரு.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமைன்னு நாள் குறிச்சாச்சு. எனக்கு வீட்டுக்கு வந்து அழுகை நிக்கலை. அளந்து அளந்து மரத்துக்கு உலை வச்சவளே நான்தானேன்னு இருந்தது. டேப்பைக் கையில எடுக்கவே பிடிக்கலை.

கூட்டம் முடிஞ்ச மறுநாள் மத்தியானம் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச்சு. மாமா வேலைக்குப் போயிருந்தாரு. அடுப்புல கிழங்கு வெந்துக்கிட்டிருந்தது, அக்கா அதைக் கண்டுக்கவே இல்லை. அடுப்படிச் சுவத்துல மேலே ஒரு மரக்கட்டை நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல கயித்துல வெங்காயக் கூடை தொங்கும். அதைத் தொடாம பாருன்னு சொல்லுச்சு. பார்த்தேன். கூடை, அதுல வெங்காயம். இதுல என்ன இருக்குன்னு கேட்டேன்.

"நல்லாப் பாரு. கூடையோட முதுகு சுவத்துல உரசுது. முன்னெல்லாம் கூடைக்கும் சுவத்துக்கும் நடுவுல என் விரல் போகும், நான் அங்க தீப்பெட்டியைச் சொருகி வைப்பேன். கட்டை அப்படியேதான் இருக்கு, கயிறும் அதே கயிறு. இப்பச் சுவத்துல வெள்ளையெல்லாம் தேய்ஞ்சு பழுப்பாப் போயிருக்கு பாரு."

நான் சுவத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேய்மானம். அப்பவும் எனக்குப் புரியலை. அக்கா கூடையை விரலால காட்டி, அவரு தூக்குக்குண்டு கட்டினா அது எப்படித் தொங்கும்னு கேட்டுச்சு. நேராத்தான்னு சொன்னேன். வெங்காயக் கூடை மட்டும் கோணலாவா தொங்கும்னு கேட்டுச்சு.

நான் அண்ணாந்து கட்டையைப் பார்த்தேன். மேலே இருக்கிற கட்டை வெளியே போயிருக்கு. மரத்துப் பக்கமா. அப்படின்னா சுவரு வெளியே போயிருக்கு.

அக்கா என்னை விடலை. அடுப்படி வீட்டோட சேர்ற மூலையைக் காட்டுச்சு. அங்க மேலே இருந்து கீழே வரைக்கும் ஒரு புதுப் பூச்சு, பட்டையா. வெயிலுக்கு வெடிச்சதுன்னு சொல்லி மாமாவே பூசினாராம். போன வருஷம் ஒரு தடவை, மழைக்கு முன்னாடி ஒரு தடவை. அடுப்படிக் கதவு சாத்த வரலைன்னு அக்கா சொன்னப்ப கதவைக் கழட்டி இழைச்சு மாட்டினாராம். அதுவும் ரெண்டு தடவை. கதவு மழைக்கு ஊதும்னு சொன்னாராம். ஒவ்வொண்ணா எண்ணிக் காட்டிட்டு அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கிச்சு. கிழங்கு குழைஞ்சு போயிருந்தது.

மாமாவுக்குத் தெரியுமான்னு நான் கேட்டேன். கேட்டவுடனே கேட்டிருக்கக் கூடாதுன்னு தோணுச்சு.

"நூல் பிசகினாச் சோறு இறங்காத ஆளு. அவருக்குத் தெரியாதா?"

இப்பவே ஓடிப்போய்த் தலைவர்கிட்ட சொல்லிடணும்னு வாசல் வரைக்கும் போயிட்டேன். அக்கா என் கையைப் பிடிச்சுது. இறுக்கிப் பிடிக்கலை, சும்மாதான் பிடிச்சுது. ஆனா நான் நின்னுட்டேன்.

"நீ போகாதே. நானும் போகலை. அவரா சொல்லட்டும். வியாழக்கிழமை வரைக்கும் நாள் இருக்கு."

"சொல்லலைன்னா அக்கா?"

அக்கா வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பிச்சுது.

அந்த நாளையெல்லாம் நான் எப்படிக் கடத்தினேன்னு எனக்குத்தான் தெரியும். ரகசியம் வச்சுக்கிற வயிறா இது? என்கிட்ட ஒரு சேதி சொன்னா அது தெருக்கோடிக்குப் போய்ச் சேர்றதுக்கு மிஷின்ல ஒரு நூல்கண்டு தீர்ற நேரம் கூட ஆகாது. வாயை மூடிக்கிட்டு இருந்ததுல, ஒரு சட்டைக்கு இடது கையையே ரெண்டு பக்கமும் வச்சுத் தச்சுட்டேன். மரத்தைக் கடைசியாக் கும்பல் கும்பலா ஆளுங்க வந்து பார்த்தாங்க. வெளியூர்ல கட்டிக் கொடுத்த பொண்ணுங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து அணைச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்றது? மிஷினைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

மாமாவையும் ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே இருந்தேன். காலையில மருந்துக்கடைக்காரர் மாடிக்கு வேலைக்குப் போவாரு, சாயங்காலம் வருவாரு. வரும்போது மரத்துப் பக்கம் பார்க்காம எதிர்வரிசையை ஒட்டி நடப்பாரு. தட்டுல போட்ட சோறு அப்படியே திரும்பி வருதுன்னு அக்கா சொல்லுச்சு. ஒருநாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தாரு. கால் மணி நேரம் இருந்தாரு. என் சுவத்துல ஒரு காலண்டர் கோணலாத் தொங்கிச்சு. அவரு பார்த்தாரு. எழுந்து போய் நேரா வைக்கலை. அப்படியே போயிட்டாரு. அதைப் பார்த்து எனக்குக் கோபமெல்லாம் போய், மனுஷன் மேல பாவமா வந்துடுச்சு.

புதன்கிழமை மத்தியானம் மரம் அறுக்கிறவர் வந்தாரு. வெளியூர்க்காரர். எல்லாரும் அவரை ரம்பம்னு கூப்பிடுவாங்க. பேருதான் ரம்பம், பேச்சு அத்தி பூத்த மாதிரிதான் வரும். மறுநாள் எந்தப் பக்கம் விழ வைக்கிறதுன்னு பார்க்க வந்திருந்தாரு. மரத்தை ஒரு சுத்து சுத்தினாரு. அப்புறம் குனிஞ்சு வேரடி மண்ணைக் காலால தட்டித் தட்டி இன்னொரு சுத்து. மூணாவது சுத்துல மண்டி போட்டு, மரத்தோட மறுபக்கம் வேருக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தாரு. நானும் அக்காவும் பார்த்துக்கிட்டு நின்னோம். எழுந்து வந்து எங்ககிட்டத் தண்ணி கேட்டுக் குடிச்சாரு.

"சாயுற மரம்னா பின்பக்கம் மண்ணு தூக்கும். வேரு விடுபடும். இங்க ஒரு வெடிப்பு கிடையாது"ன்னாரு. சொம்பைக் கொடுத்துட்டு மெல்லத் திரும்பிச் சுவத்தைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. "இது யாரு கட்டினது?"

"என் வீட்டுக்காரர்"னு அக்கா சொல்லுச்சு. சொல்லிட்டு, "நாளைக்கு வரைக்கும் யார்கிட்டயும் ஒண்ணும் பேசாதீங்க அண்ணே"ன்னுச்சு.

அவரு அக்கா முகத்தைப் பார்த்தாரு. வேற ஒண்ணும் கேட்கலை. நாளைக்கு ரம்பத்துக்குச் சாணை பிடிக்கவே நேரமாகும்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு.

வியாழக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். ஊரே திரண்டு நின்னுச்சு. வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுட்டாரு. ரம்பமும் அவரோட ஆளுங்க நாலு பேரும் வந்து கிளைக்குக் கயிறு கட்டினாங்க. கட்டின கயித்தை அவரு அவிழ்க்கச் சொன்னாரு, வேற கிளையில கட்டச் சொன்னாரு. அப்புறம் உட்கார்ந்து ரம்பத்தோட ஒவ்வொரு பல்லா அரத்தால ராவினாரு. ராவி முடிச்சு, முதல்ல இருந்து மறுபடி ராவினாரு. தலைவர் பொறுமை இழந்து ரெண்டு தடவை வந்து கேட்டாரு. டீ குடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்னாரு. டீயும் வந்துச்சு, தீர்ந்தும் போச்சு.

அக்கா வாசல்படியில நின்னுச்சு. தலை வாரி, நல்ல சேலையா ஒண்ணு உடுத்திக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. மாமா வீட்டுக்குள்ள. நான் அக்காவைப் பார்க்கிறதும் வாசலைப் பார்க்கிறதுமா இருந்தேன். கத்திடுவோமோன்னு பயந்து முந்தானைத் துணியை வாயில வச்சுக்கிட்டேன். ரம்பம் கடைசியா எழுந்தாரு. அவரோட ஆளு ஒருத்தர் மரத்துல ஏறிட்டாரு. அக்கா கட்டின கையை அவிழ்த்துட்டு ஒரு படி இறங்குச்சு.

அப்பத்தான் மாமா வெளியே வந்தாரு. ஒரு கையில ஏணி, தோள்ல தூக்குக்குண்டு. யாரையும் பார்க்கலை. நேரா சந்து வாசலுக்குப் போய், ஏணியைத் தன் சுவத்துல சாத்தி ஏறினாரு. சுவத்தோட தலைமாட்டுல நூலை வச்சுக் குண்டைத் தொங்கவிட்டாரு. குண்டு ஆடுச்சு. ஆடி ஆடி நிக்கிற வரைக்கும் அத்தனை ஜனமும் மூச்சு விடலை. நின்னப்போ, கீழே குண்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல மூணு விரல் இடைவெளி.

ஏணியில நின்னபடியே பேசினாரு. "மரம் எங்கேயும் சாயலை. என் சுவருதான் சாயுது."

பின்னாடி நின்னவங்களுக்குக் கேட்கலைபோல, என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. மாமா இறங்கி வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னாரு. "அடுப்படி இருக்கிற இடம் முன்னாடி ஒரு பள்ளம். யாரோ எப்பவோ மண்ணு தோண்டின குழி, குப்பையும் ஓட்டாஞ்சல்லியும் போட்டு மூடினது. மூடின குழி மேல சுவர் எழுப்பாதேன்னு ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லுவேன். என் வீட்டுக்காரி மர நிழல்ல வீடு கேட்டா, மனையில இடம் பத்தலை, என் கை வேலை தாங்கும்னு நெனைச்சுக் கட்டிட்டேன். மழைக்கு இறங்குது. வெடிப்பை ரெண்டு தடவை பூசி மறைச்சேன்." சொல்லிட்டு ஏணியை எடுத்துக் கீழே வச்சாரு.

"கூட்டத்துல தலைவர் கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊர் சொல்றபடின்னு சொன்னேன்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அது வரைக்கும் சொன்னதே போதும், ஊர் மன்னிச்சிருக்கும், தன் வீட்டு வெடிப்பைத்தானே மறைச்சாருன்னு எல்லாரும் விட்டிருப்பாங்க. தலைவருக்கு முகம் சிவந்துடுச்சு. எங்க எல்லாரையும் மரத்தோட கொலைக்குச் சம்மதம் சொல்ல வச்சுட்டீங்களேன்னு கேட்டாரு. மாமா தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாரு. மருந்துக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னாடி வந்து, அப்ப என் மாடின்னு ஆரம்பிச்சாரு. உங்க வீடு கெட்டி மண்ணுல நிக்குது, நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளை வச்சுப் பார்த்துக்குங்கன்னு மாமா சொன்னாரு. வேற ஆளையே வச்சுக்கிறேன்னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு. சொன்ன மாதிரியே வச்சுக்கிட்டாரு. தெருவுல மத்தவங்களும் அன்னைக்குச் சாயங்காலமே நூல்ல கல்லைக் கட்டி அவங்கவங்க சுவத்துல தொங்கவிட்டுப் பார்த்தாங்க. எல்லாம் நேராத்தான் இருந்துச்சு. அப்படியும் அடுத்த ஆறு மாசம் அவருக்கு உள்ளூர்ல ஒரு திண்ணை பூசக்கூட யாரும் கூப்பிடலை.

ரம்பம்தான் ரொம்பச் சாவதானமா ஏறிப்போய்க் கயித்தை அவரே அவிழ்த்தாரு. பிள்ளைங்க ஓன்னு கத்திக்கிட்டு மரத்தைச் சுத்தி ஓடிச்சுங்க. ஜனம் மெல்ல மெல்லக் கலைஞ்சுது. சிரிக்கிறதா, திட்டுறதான்னு யாருக்கும் முடிவு பண்ணத் தெரியலை. சிலபேர் மரத்தைத் தட்டிக் கொடுத்துட்டுப் போனாங்க. மாமாகிட்ட ஒருத்தரும் பேசலை.

சுவரை அப்படியே விட முடியாது, அடுத்த மழைக்கு மரத்து மேலேயே சாய்ஞ்சுடும். மாமா அன்னைக்கே இறக்க ஆரம்பிச்சாரு. ரம்பத்தோட ஆளுங்க, வந்ததுக்கு ஒரு வேலையாவது செஞ்சுட்டுப் போறோம்னு கூரையைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. அக்கா பாத்திரம், அடுப்பு, கூடை எல்லாத்தையும் மரத்தடியில கொண்டுபோய் வச்சுது. நான் கடையைப் பூட்டிட்டு வந்து செங்கல் சுமந்தேன். மேலே இருந்து மாமா கடப்பாரையால நெம்பி ஒவ்வொரு கல்லா எடுத்துக் கொடுப்பாரு, அக்கா வாங்கி என்கிட்டக் கொடுக்கும், நான் அடுக்குவேன். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கலை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

பொழுது சாயுற நேரம், சுவரு பாதிக்கு இறங்கியிருந்தது. மத்த ஆளுங்க கை கழுவப் போயிட்டாங்க. மாமா ஒரு கல்லைப் பெயர்த்துக் கையில வச்சுக்கிட்டே அக்காகிட்டக் கேட்டாரு.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கூட்டம் முடிஞ்ச மறுநாள்."

"இத்தனை நாளும் ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

மாமா கல்லைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அதுல ஒட்டியிருந்த கலவையைக் கட்டைவிரலால உரிச்சாரு. அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல, "நான் இன்னைக்கு வெளியே வராமலே இருந்திருந்தா?"ன்னு கேட்டாரு.

"நான் ஒரு படி இறங்கிட்டேன்"னு அக்கா சொல்லுச்சு. "இன்னும் ரெண்டு படிதான். மரம் எப்படியும் நின்னிருக்கும்."

முகத்துல படிஞ்ச தூசியைப் புறங்கையால துடைச்சுக்கிச்சு. அவரைப் பார்க்காம, கல்லுக்காக ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே சொல்லுச்சு.

"ஆனா அதுக்கப்புறம் திரும்பி அந்தப் படியை ஏறி உள்ள வந்திருப்பேனான்னு தெரியலை."

மாமா கல்லைக் கொடுத்தாரு. அக்கா வாங்கி என்கிட்டக் கொடுத்துச்சு. நான் அடுக்கினேன்.